உயர்தரம் படிக்கப் புதுப் பாடசாலைக்கு வந்தவர்களுக்கு: போட்டி, கழகம், வாய்ப்பு எதையும் தவறவிடாமல் இருக்க

ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கையோடு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பிள்ளைகள் பாடசாலை மாறத் தொடங்கிவிடுவார்கள். விஞ்ஞானப் பிரிவோ தொழினுட்பப் பிரிவோ ஊர்ப் பாடசாலையில் இருக்காது. ஆகவே கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டக்களப்பு டவுனுக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ வருவார்கள். நாவிதன்வெளி, பொத்துவில் பக்கத்துப் பிள்ளைகள் கல்முனை, அக்கரைப்பற்று என்று போவார்கள். முதல் இரண்டு மாதமும் பஸ் நேரம் பழகவும், லேப் எங்கே, கன்ரீன் எங்கே என்று கண்டுபிடிக்கவுமே சரியாக இருக்கும். அப்புறம் ஒருநாள் காலைக்கூட்டத்தில் தமிழ்மொழித் தினப் போட்டிக்குத் தெரிவானவர்களின் பெயரை வாசிப்பார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவருடைய பெயரும் அதில் இராது. தெரிவு எப்போது நடந்தது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. தரம் 6இலிருந்து அதே பாடசாலையில் படிப்பவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

ஒரு கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். உயர்தரம் இரண்டு வருடம் என்பது பெயரளவில்தான். தரம் 13 தொடங்கினால் பாடம் முடிக்கும் அவசரம், மாதிரிப் பரீட்சை, ரியூசன். மேடைப் பக்கம் தலைகாட்டினாலே வீட்டில் ஏச்சு விழும். ஆகவே போட்டிகளுக்கும் கழகங்களுக்கும் உங்களுக்குக் கிடைப்பது தரம் 12 மட்டுமே. அதிலும் முதல் தவணையைப் பராக்குப் பார்த்துக் கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான்.

முதல் வேலை: யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு போட்டியின் சுற்றறிக்கை பத்தரமுல்லையில் கல்வி அமைச்சிலிருந்து புறப்பட்டால், திருகோணமலையில் மாகாணக் கல்வித் திணைக்களம், பிறகு வலயக் கல்வி அலுவலகம், பிறகு கோட்டக் கல்வி அலுவலகம், பிறகு அதிபர், அவரிடமிருந்து பொறுப்பாசிரியர் என்று ஒவ்வொரு மேசையாக இறங்கி வர வேண்டும். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் வலயங்களுக்குக் குறைவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்று ஐந்து. அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் முதலானவை. சுற்றறிக்கை உங்கள் பாடசாலைக்கு வந்து சேரும்போது முடிவுத் திகதிக்குச் சில நாட்களே இருக்கும். அந்த அவசரத்தில் பொறுப்பாசிரியர் வகுப்பு வகுப்பாகப் போய்த் திறமைசாலி தேடமாட்டார். முகம் ஞாபகத்துக்கு வரும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பெயர் எழுதுவார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

உங்கள் முகம் அந்த ஞாபகத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விசயம்.

முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் ஒரு சின்னப் பட்டியல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தமிழ்மொழித் தினத்துக்கு யார் பொறுப்பு, ஆங்கில தினத்துக்கு யார், விளையாட்டு, சாரணர், மாணவர் பாராளுமன்றம், விஞ்ஞான, கணிதப் போட்டிகளுக்கு யார். பிறகு உங்களுக்குப் பொருந்தும் இரண்டு பேரை மட்டும் இடைவேளையில் போய்ச் சந்தியுங்கள். ஆசிரியர் ஓய்வறை வாசலில் தயங்கி நிற்க வேண்டாம். நீளமான அறிமுகமும் தேவையில்லை. "சேர், நான் இந்த வருசம் புதுசா வந்திருக்கன். முந்தின ஸ்கூல்ல நாட்டார் பாடல்ல வலயம் வரைக்கும் போயிருக்கன். பேர் எடுக்கிற நேரம் எனக்கும் சொல்லுங்க சேர்." இது போதும். பெயர், வகுப்பு, செய்யக்கூடிய விடயம், வீட்டுத் தொலைபேசி எண் நான்கையும் துண்டுக் கடதாசியில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். பொறுப்பாசிரியர்கள் அந்தத் துண்டை இடாப்புக்குள் வைப்பார்கள். சுற்றறிக்கை வந்த அன்று இடாப்பைத் திறந்தால் அது கண்ணில் படும்.

எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேச்சு, கட்டுரை, நடனம், உயரம் பாய்தல் என்று ஆறு இடத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு மூன்று ஒத்திகைக்கு வராமல் விட்டால், அடுத்த வருடம் அந்த ஆசிரியர் உங்களைக் கூப்பிடமாட்டார். ஒன்றோ இரண்டோ போதும்.

வருடத்தில் எது எப்போது வரும்

கொவிட்டுக்குப் பிறகு தவணைகள் முன்பின்னாகப் போனதால் மாதத்தை நம்பாதீர்கள், வரிசையை நம்புங்கள். முதல் தவணை என்றால் இல்ல விளையாட்டுப் போட்டி. அதை ஒட்டியோ பின்னாலோ மொழித் தினப் போட்டிகளின் பாடசாலை மட்டத் தெரிவு. வருட நடுப்பகுதியில் கோட்டம், வலயம், மாகாணம் என்று அவை மேலே ஏறும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பிரதேச சபை, மாநகர சபை நூலகங்கள் கட்டுரை, கவிதை, வினாவிடைப் போட்டிகள் வைக்கும். ஆட்கள் அதிகம் சேராததால் புதியவர்கள் கைபழக நல்ல இடம். நவராத்திரியில் வாணி விழாவும், கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்தில் மீலாத் போட்டிகளும் வரும். நவம்பரில் வாடைக் காற்றோடு மழை இறங்கினால் வெளிக்கள நிகழ்ச்சி எதையும் நம்பித் திட்டம் போட முடியாது. வெள்ளத்துக்குப் பாடசாலையே நலன்புரி நிலையமாக மாறும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன.

அறிவித்தல் பலகையை வாரம் ஒருமுறையாவது நின்று வாசியுங்கள். வட்ஸ்அப் குழுவில் எல்லாம் வரும் என்று இருந்துவிட வேண்டாம். புதியவர்களைக் குழுவில் சேர்க்க எல்லோரும் மறந்திருப்பார்கள். வகுப்புத் தலைவரிடம் கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டி

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர்ப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்கு டவுன் பிள்ளையை விட வாய்ப்பு அதிகமாக இருக்கும் ஒரே இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஐந்து படி. கட்டுரை, கவிதை, சிறுகதை, இலக்கணம், பேச்சு, பாவோதல் (செய்யுளை ஓசையோடு ஓதுவது), இசை, நடனம், விவாதம், வில்லுப்பாட்டு, நாடகம், நாட்டுக்கூத்து என்று நிகழ்ச்சிகளும் நிறைய. தனி நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு மட்டத்திலும் முதலிடம் எடுத்தவரே மேலே போவார்.

பெரும்பாலானோர் பேச்சுக்குத்தான் ஓடுவார்கள். மண்டபத்தில் வரிசையாக நின்று "பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே" என்று ஒரே தொனியில் தொடங்கும் பத்துப் பேரைக் கேட்ட நடுவருக்குப் பதினோராவது ஆள் வரும்போது காது அடைத்திருக்கும். இலக்கணப் போட்டிக்கோ பாவோதலுக்கோ போனால், சில வருடங்களில் பாடசாலை மட்டத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். பெயர் கொடுத்தால் நேரே கோட்டத்துக்குப் போய்விடலாம். நன்னூல் சூத்திரத்தைப் பார்த்துப் பயப்படாத பிள்ளையாக இருந்தால் இதை யோசியுங்கள்.

நாட்டுக்கூத்தின் கதை வேறு. படுவான்கரைப் (வாவியின் மேற்குக் கரைப்) பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியாமலேயே உங்களிடம் ஒரு சொத்து இருக்கிறது. மாமாவோ பெரியப்பாவோ அண்ணாவியாராக (கூத்துப் பழக்குபவராக) இருக்கும் வீட்டுப் பிள்ளை, ஆடுபவர்களுக்குச் சட்டம் (பாட்டுப் பிரதி) கொடுத்த நாளிலிருந்து களரியில் (கூத்து மேடையில்) அரங்கேற்றம் வரை பார்த்து வளர்ந்திருக்கும். மத்தளத்தில் தாளக்கட்டு மாறினால் அந்தக் கால் தானாக மாறும். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம் என்று யாரும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. டவுன் பாடசாலையில் கூத்துப் பழக்கும் ஆசிரியர், மாணவரை வட்டமாக நிற்க வைத்து முதல் காலடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வரவு ஆட்டத்தின் (பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடுவது) வேகத்தைப் பிடிக்கவே அவர்களுக்கு வாரக் கணக்காகும். அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே ஆடத் தெரிந்த ஒரு பிள்ளை வந்து நின்றால் குழு முழுவதும் அதன் காலைப் பார்த்துப் பழகும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "கூத்தெல்லாம் ஊருக்குள்ளதானே, இங்க ஆர் பாப்பாங்க" என்று மறைக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். மறைக்காதீர்கள். மறுகா உங்களை விட்டுவிட்டு ஆடப்போனார்கள் என்று கவலைப்படுவதில் பலன் இல்லை. ஊரில் சல்லரியோ (கைத்தாளம்) மத்தளமோ உடுப்போ இரவல் எடுக்க முடியுமா என்பதையும் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வாடகைச் செலவு குறையும் என்றால் அதிபரும் சந்தோசப்படுவார்.

எழுத்துப் போட்டிகளில் இடம் தவறுவதற்குப் பல நேரங்களில் காரணம் சின்னதாக இருக்கும். தலைப்பைச் சரியாக வாசிக்காமல் மனப்பாடம் செய்து வந்த கட்டுரையை இறக்கிவைப்பது முதலாவது. சொல்லெல்லை, நேர எல்லையைக் கவனிக்காதது இரண்டாவது. பாடசாலையில் முந்தைய வருடத் தலைப்புகள் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விளையாட்டு

புதிதாக வந்தவர்களையும் ஏதாவது ஓர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள். எந்த இல்லம் என்று கேட்டு, இல்லப் பொறுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். வயதுப் பிரிவுகள் 14, 16, 18, 20 என்று போகும். பிறப்புச் சான்றிதழின் பிரதி கட்டாயம் கேட்பார்கள். 18க்கும் 20க்கும் நடுவில் வரும் உயர்தரப் பிள்ளைகள், எந்தப் பிரிவில் ஓடுகிறோம் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு டவுனில் கூடைப்பந்துக்குப் பழைய பாரம்பரியம் உண்டு. வெபர் மைதானமே அந்த விளையாட்டைப் பிள்ளைகளுக்குப் பழக்கிய அமெரிக்கக் குருவானவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் சின்ன வயதிலிருந்து பந்து தட்டியவர்களோடு தரம் 12இல் புதிதாகப் போட்டியிடுவது கஷ்டம். குண்டு போடுதல், ஈட்டி எறிதல், தட்டெறிதல், நீண்டதூர ஓட்டம் இவற்றில் இடம் காலியாக இருக்கும். வயலில் வேலைசெய்து உரமேறிய தோளும், தினமும் சைக்கிள் மிதித்த காலும் உள்ளவர்கள் இவற்றை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

மாகாண மட்டப் போட்டி திருகோணமலையிலோ கந்தளாயிலோ வந்தால் விடியற்புறம் பஸ் ஏறி இரவில்தான் திரும்புவீர்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் இதற்குத்தான் முதல் மறுப்பு வரும். பொறுப்பாசிரியையின் தொலைபேசி எண்ணை அம்மாவிடம் கொடுத்து, இரண்டு பேரையும் நேரே பேசவிடுங்கள். நீங்கள் நடுவில் நின்று தூது சொல்வதைவிட அது வேகமாக முடியும்.

விஞ்ஞானம், கணிதம், தகவல் தொழினுட்பம்

ஒலிம்பியாட் போட்டிகள் கணிதம், உயிரியல், பௌதிகம், இரசாயனம், தகவல் தொழினுட்பம் எனப் பாடவாரியாக நடக்கின்றன. இவற்றைப் பெரும்பாலும் துறைசார் நிறுவனங்களே நடத்துவதால், வலய அலுவலகத்தை நம்பியிருந்தால் அறிவித்தல் பிந்தித்தான் வரும். பாட ஆசிரியரிடம் வருடத் தொடக்கத்திலேயே கேட்டுவையுங்கள். கணிதத்தில் பாடப்புத்தகத்துக்குள் இல்லாத மாதிரிக் கேள்விகள் வரும். ரியூசனில் பழகிய குறுக்குவழி உதவாது. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து மல்லுக்கட்டுவதுதான் நல்ல பயிற்சி.

கையால் எதையாவது செய்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு நடத்தும் சஹசக் நிமவும் போட்டியில் பாடசாலைப் பிரிவு இருக்கிறது. நெல் காயவைப்பது, வாவியில் இறால் கூடு, தோட்டத்துக்குத் தண்ணீர் என்று நம் ஊர்த் தேவையிலிருந்து எடுத்த யோசனையைக் கொண்டு போங்கள். யூரியூப்பில் பார்த்த ரோபோவைத் திரும்பச் செய்து கொண்டு போகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

தரம் 12இல் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை ஒன்றும் வரும். இசட் புள்ளியோடு (பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் புள்ளி) இதற்குச் சம்பந்தமில்லை என்று பலர் கவனிக்காமல் விடுவார்கள். பிற்காலத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது. லேப்பில் கொம்பியூட்டர் குறைவு என்றால் பாடசாலை விட்ட பிறகு திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

சாரணர், மாணவர் தலைவர், கழகங்கள்

ஜனாதிபதி சாரணர் விருது பெரிய விசயம். ஆனால் 18 வயதுக்குள் படிப்படியாகச் சின்னங்கள் எடுத்து வர வேண்டும். தரம் 12இல் புதிதாகச் சேர்ந்தால் எட்டுவது கடினம். வீட்டில் தரம் 6, 7இல் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

மாணவர் தலைவர் பதவி புதிதாக வந்தவர்களுக்கு எளிதில் கிடைக்காது. மனவருத்தப்படத் தேவையில்லை. மாணவர் பாராளுமன்றத்துக்குத் தேர்தல் இருக்கிறது. வகுப்பில் நாலு பேரோடு பழகியிருந்தால் வெல்லலாம். தமிழ் மன்றம், விஞ்ஞான மன்றம், இன்ரறக்ட் கழகம் (ரொட்டரியின் மாணவர் கழகம்) போன்றவற்றில் செயலாளர் வேலைக்கு யாரும் முன்வராத நேரத்தில் கை தூக்குங்கள். கூட்ட அறிக்கை எழுதுவது அலுப்பான வேலை. ஆனால் எல்லாச் செய்தியும் முதலில் செயலாளர் காதுக்குத்தான் வரும்.

பிற்காலத்துக்கு உதவுவது

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. இதற்கு வெளியே, புறக்கிருத்தியத்தில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு ஒரு விசேட அனுமதி வழி உண்டு. இடங்கள் மிகக் குறைவு. வலய மட்டச் சான்றிதழை வைத்து அதை எதிர்பார்க்க வேண்டாம். பாடத்தில் ஆகக் குறைந்த தகுதியும் வேண்டும். ஆகவே மேடைக்காகப் படிப்பை விடும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

இசை, நடனம், நாடகம், கட்புலக்கலையில் நாட்டமுள்ளவர்கள் கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அங்கே நுழைய இசட் புள்ளி மட்டும் போதாது, செயன்முறைப் பரீட்சையும் உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கண்காட்சி, திறந்த நாள் வைத்தால் ஒரு பஸ் தூரம்தான். போய்ப் பீடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆசிரியராக விருப்பமுள்ளவர்களுக்குத் தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. நேர்முகப் பரீட்சையில் பாடசாலைக் காலச் சான்றிதழ்களைப் பார்ப்பார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் அம்பாறை ஹாடி உயர் தொழினுட்ப நிறுவகம், மட்டக்களப்புத் தொழினுட்பக் கல்லூரி போன்ற வழிகளும் உண்டு.

பணம் கேட்கும் வாய்ப்புகள்

"சர்வதேசச் சாதனையாளர் விருது", "உலக சாதனைப் புத்தகம்" என்று வட்ஸ்அப்பில் வரும். ஆயிரக் கணக்கில் பணம் கட்டினால் பதக்கமும் சட்டம் போட்ட சான்றிதழும் வரும், பொன்னாடையும் போர்த்துவார்கள். அந்தக் காசுக்கு நல்லதாக ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து வாங்கலாம். கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்தான்: இதன் சுற்றறிக்கை அதிபரிடம் வந்ததா? தோற்றவர்கள் யாராவது இருக்கிறார்களா? தோற்றவரே இல்லாத போட்டிக்குப் போகாதீர்கள். ஒலிம்பியாட் போன்றவற்றுக்குச் சிறிய விண்ணப்பக் கட்டணம் இருக்கலாம், அது வேறு. பயணச் செலவுக்கு வீட்டில் வசதி இல்லை என்றால் பொறுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கைகொடுக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் இருக்கிறது.

கடைசியாகக் கோவை

ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் நாலைந்து, முந்தைய பாடசாலையின் சான்றிதழ்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். தேசிய அடையாள அட்டை 15 வயதிலேயே எடுக்கலாம். இன்னும் எடுக்காதவர்கள் பாடசாலை ஊடாக விண்ணப்பியுங்கள். முந்தைய பாடசாலையில் வலயத்திலோ மாகாணத்திலோ வென்று சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், விடுகைப் பத்திரம் எடுக்கப் போகும் அன்றே அதையும் கேளுங்கள். பாடசாலை மாறிய பிள்ளையின் சான்றிதழைத் தேடிக் கொண்டுவந்து தர யாருக்கும் நேரமில்லை.

போட்டிக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது முதலெழுத்து உட்பட பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒரு சான்றிதழில் முழுப் பெயர், இன்னொன்றில் கூப்பிடும் பெயர், மூன்றாவதில் அப்பாவின் முதலெழுத்து மாறி இருந்தால், நேர்முகப் பரீட்சையில் மூன்று ஆட்களாக நிற்பீர்கள். வலய, மாகாணச் சான்றிதழ்கள் போட்டி முடிந்து பல மாதம் கழித்துக் கட்டாக வரும். அலுவலக அலுமாரியில் கிடக்க விடாமல் அடிக்கடி கேளுங்கள். கையில் தந்ததும் பெயர், நிகழ்ச்சி, இடம், வருடம் நான்கையும் அங்கேயே நின்று வாசியுங்கள். பிழை இருந்தால் கையெழுத்து வைக்க முன் சொல்லித் திருத்தக் கொடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்தப் பதிவேடு எங்கே என்று தேடவே ஆள் இருக்காது.